பின்வாங்காத பெரியகருப்பன்

பகல் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். அய்யலூரைத் தாண்டி குஜிலியம்பாறைப் பக்கமாகப் பிரிகிற ஒரு மண் ரோடு. முன்னாலும் ஆள் இல்லை... பின்னாலும் ஆள் இல்லை.

உடனே சலித்துக்கொள்ளாதீர்கள். கரண்ட் போய், மொட்டை மாடியில் ஒரே பாயில் இத்தனை பேர் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தால் நடுச்சாமம், புளியமரம், மல்லிகைப்பூ வாசம் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். புளியமரத்துப் பேயெல்லாம் எப்போதோ ரிட்டயராகிவிட்டது. இது உச்சி வெயிலில் நடந்தது. நம் தமிழ்மதியின் சித்தப்பா சேவியருக்கு நடந்தது.

சேவியர் திண்டுக்கல்லில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண மாப்பிள்ளையின் தொப்பையைக் கம்ப்யூட்டரில் ஒரே நிமிஷத்தில் கரைத்துவிடுவார். பொய்யைத் தொழிலாகச் செய்கிற நேர்மையான மனிதர். அன்றைக்கு வண்டியை ஓட்டியவர் அவர். பின்னால் கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஆய்வுச் செம்மல், வரலாற்று வேங்கை, முனைவர் சுருளிவேல்.

'உட்கார்ந்திருந்தவர்கள்' என்றதும் மூன்று பேர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஆள்தான். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் தபால்களுக்கு நம்பர் போட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு மாதமே வரலாறு அவரைப் பிடித்துக்கொண்டது. முனைவர் பட்டத்தை மதுரையில் ஓர் ஓட்டலின் மூன்றாம் மாடியில் வைத்துக் கொடுத்தார்கள். அன்று அதே மேடையில் இன்னும் நாற்பது பேர் முனைவரானார்கள். மத்தியானச் சாப்பாடும் உண்டு. ஊர் திரும்பியதும் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை வைத்தார். பலகை, வாசலைவிட அகலம்.

அவர் எழுதிய புத்தகம் 'ஒடுக்குப்பாறை: இயற்கையும் மானுடமும்.' நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிரபஞ்சம் பிறப்பதில் ஆரம்பிக்கிறது. நூற்று நாற்பதாம் பக்கம் வரை பூமி குளிர்ந்துகொண்டே இருக்கிறது. நூற்று நாற்பத்தொன்றில் ஒருவழியாக ஆறு வந்து சேர்கிறது. அடுத்த பக்கத்தில் ஆசிரியரின் தாத்தா பெரியகருப்பன் வருகிறார். அதற்குப் பிறகு அவர் புத்தகத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. ஆசிரியர் ஒடுக்குப்பாறைக்குள் நடந்து போகிற காட்சியை மேடையில் திரை கட்டி, மெதுவாக ஓடவிட்டுக் காட்ட வேண்டுமாம். அதற்குத்தான் சேவியர். உச்சி நேரத்தைக் குறித்துக் கொடுத்ததும் சேவியர்தான். காரணம் வெளிச்சம். அந்தச் சந்துக்குள் சூரியன் இறங்குவது நேர் உச்சிக்கு வரும்போது மட்டும். இருபது நிமிஷம். அதற்கு முன்னாலும் இருட்டு... பின்னாலும் இருட்டு.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வரட்டாறு வருஷத்தில் பத்து நாள் ஓடினால் அதிகம். ஆனால் அந்தப் பத்துப் பத்து நாளாக ஓடியே, எத்தனையோ லட்சம் வருஷத்தில், குறுக்கே படுத்திருந்த கரட்டுக் குன்றை ரம்பம் போட்ட மாதிரி அறுத்துவிட்டது. இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குப் பாறை. வெடிப்புகளில் வேர்விட்டுத் தொங்கும் இச்சி மரங்கள். மேலே அடை அடையாக மலைத்தேன். கீழே, வெள்ளத்தில் கற்கள் சுழன்று குடைந்த குழிகள், ஆட்டுரல் போல வழவழவென்று. பார்க்க அழகு. வெளியூர்க்காரர்கள் வாயிலேயே நின்று செல்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே போனால் செல்பிக்குக் கை நீட்ட இடம் கிடையாது. ஓர் ஆடு போகலாம். இரண்டு ஆடு சேர்ந்து போக முடியாது. போன ஆடு உடம்பைத் திருப்பவும் முடியாது.

அந்த ஓர் ஆட்டு வழியில்தான் அய்யலூர் வியாழச் சந்தைக்கு ஆடு ஓட்டுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கரட்டைச் சுற்றினால் அரை நாள் நடை. உள்ளே புகுந்தால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். அதற்கு ஒரே ஒரு சட்டம். நுழையும் முன் வாயில் நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். 'ஆடு வருதேய்...' உள்ளேயிருந்து 'பொறு' என்று குரல் வந்தால், வந்தவர்கள் வெளியேறும் வரை உட்கார வேண்டும். குரல் வராவிட்டால் நுழையலாம். கூப்பிடாமல் நுழைந்தவன் நடுவில் எதிராளியிடம் மாட்டிக்கொண்டால், அவன்தான் பின்வாங்க வேண்டும். கடைசி ஆட்டிலிருந்து ஒவ்வொன்றாக வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். அவன் ஆடு இருபதானாலும் இருநூறானாலும் அதுதான்.

வண்டியை நிறுத்தியபோது, கீழ்வாய்க்குப் பக்கத்தில் வேல மர நிழலில் ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒச்சாயி என்று பெயர். அறுபதை ஒட்டிய வயசு.

"உள்ளயா போறீக? இன்னைக்குப் புதன்கெழமை அப்பு."

"தெரியும் ஆத்தா. இந்த இடத்தோட வரலாற்றை எழுதுனவனே நான்தான்."

"அப்பிடியா... அப்ப எங்கப்பன் சடையாண்டி பேரு போட்டிருப்பீகளே?"

சுருளிவேல் பாறையின் உச்சியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். சேவியருக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. புத்தகத்துக்குப் படம் வைத்துக் கொடுத்தவர் அவர்தானே.

"ஒரு பக்கத்துல 'மற்றும் சிலர்'னு வருது ஆத்தா. அதுல இருப்பாரு. மத்த பக்கமெல்லாம் இவரு பாட்டன் பெரியகருப்பன்தான்."

ஒச்சாயி கோபப்படவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். ஐம்பது வருஷம் ஆகிறது. இதே மாதிரி ஒரு புதன்கிழமை, இதே உச்சி. ஒன்பது வயசுக்காரி அவள். வழியில் ஒரு ஆடு குட்டி போட்டதால், குட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்வாயிலேயே நின்றுவிட்டாள். அவள் அப்பன் மூன்று தரம் கூப்பிட்டான். பதில் இல்லை. அறுபது ஆட்டோடு நுழைந்தான். அதே நேரம் இந்தக் கீழ்வாய் வழியாகப் பெரியகருப்பன் இருநூறு ஆட்டோடு நுழைந்திருந்தார். கூப்பிடாமல்.

"உள்ள பேசுனது அம்புட்டும் எனக்குக் கேட்டுச்சு. 'நான் வாரது நாட்டுக்கே தெரியும், நான் எதுக்குலே கத்தணும்'னாரு ஒங்க பாட்டன். 'தண்ணி வாடை அடிக்குதுண்ணே, செத்த பின்னாடி போங்க'ன்னு எங்கப்பன் கெஞ்சுச்சு. 'பெரியகருப்பன் பின்வாங்குனான்னு ஊரு பேசவா'ன்னாரு. பெறகு பேச்சுக் கேக்கல. தண்ணிதான் கேட்டுச்சு."

மேற்கே மலையில் எங்கோ பெய்த மழை. இங்கே வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மூன்று நாள் கழித்துக் கீழே மணலில் ஆட்டையும் ஆளையும் பிரித்து எடுத்தார்களாம்.

புத்தகத்தில் இது எப்படி இருக்கிறது என்றால்... 'பெருவெள்ளத்தைக் கண்டும் ஓர் அடி பின்வாங்காது, தம் மந்தைக்கு முன் அணையாய் நின்ற மாமனிதர்.' நூற்றைம்பதாம் பக்கம். அதற்குப் பிறகு பத்துப் பக்கத்துக்கு ஒரு தரம் 'பின்வாங்காத' வருகிறது.

"வாய்மொழிச் செய்தி ஆத்தா," என்றார் சுருளிவேல். "ஆதாரம் வேணும்ல?"

"நான் நிக்கிறேனே."

"நீங்க கல்வெட்டு இல்லையே."

ஒச்சாயி கம்பைக் கையில் எடுத்தாள். "சரி... போறது போறீக. மூணு தரம் கூப்பிட்டுட்டுப் போங்க."

சுருளிவேல் வேட்டியை மடித்துக் கட்டினார். "என் வருகை பேப்பர்லயே வந்திருக்கு. நான் யாருக்காகக் கூப்பிடணும்?"

"பாட்டன் வாயி அப்பிடியே இருக்கு," என்றாள் ஒச்சாயி. எழுந்து ஆடுகளை வாயிலிருந்து தூரமாக ஓட்டிக்கொண்டு போனாள். ஆடுகளும் திரும்பிப் பார்க்காமல் போயின.

சேவியருக்கு, தான் ஒரு சத்தம் போட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால் வெயில் உள்ளே இறங்க ஆரம்பித்திருந்தது. இருபது நிமிஷத்தில் இரண்டு போய்விட்டது. தவிர, அவர் வேதக்காரர். இதையெல்லாம் நம்பினால் சாமியாரிடம் என்ன சொல்வது. மனதுக்குள் சேசுவே என்று மட்டும் சொல்லிக்கொண்டார். கூப்பிடவில்லை.

நுழைந்தார்கள். சுருளிவேல் முன்னால், சேவியர் கேமராவோடு பின்னால். முகம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டுமென்றால் அவரைத் தாண்டிப் போக வேண்டும். அந்த உடம்பைத் தாண்ட அங்கே வழி ஏது? 'முதுகு போதும் சேவியரு, முதுகுல ஒரு கம்பீரம் இருக்கு' என்று ஆசிரியரே சொல்லிவிட்டார்.

நூறு அடி போனதும் பாறை இரண்டு பக்கமும் தோளைத் தொட்டது. நூற்றைம்பதில் சாய்ந்து நடக்க வேண்டியிருந்தது. சேவியரின் சட்டைப் பொத்தான் ஒன்று பாறையில் உரசித் தெறித்து... எங்கோ குழிக்குள் 'டிக்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. மேலே வானம் ஒரு நீல நாடா. கீழே வெளிச்சம் தூள்தூளாக மிதந்தது. நன்றாக வந்துகொண்டிருந்தது படம்.

சுருளிவேல் நின்றார்.

"நடங்கண்ணே, ரெக்கார்டு ஓடுது."

சுருளிவேலின் கை இரண்டு பக்கப் பாறையையும் பிடித்துக்கொண்டது.

"அண்ணே?"

பிறகுதான் சேவியருக்குக் கேட்டது. முன்னாலிருந்து... டக். டக். டக்டக். கல்லில் குளம்பு. ஒன்று, இரண்டு, பத்து... எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னக் குளம்புகள். நெருங்கி வந்து நின்றன. மூக்கில் வாடை ஏறியது. நனைந்த செம்மறி வீச்சம். பங்குனி மாதம், ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நனைந்த வீச்சம்.

கேமராவின் சின்னத் திரையில் சுருளிவேலின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அவருடைய வேட்டி, முழங்காலுக்குச் சற்று மேலே, முன்னாலிருந்து ஏதோ முட்டுவது போலப் பின்பக்கம் புடைத்துப் புடைத்து அடங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு குரல். ரொம்ப மரியாதையான, ரொம்பக் களைத்த குரல்.

"அண்ணே... நான் மூணு தரம் கூப்பிட்டேன். நீங்க கூப்பிடல. தண்ணி வாடை அடிக்குது. செத்த பின்னாடி போங்கண்ணே."

சேவியருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தார். முதுகு எதிலோ பட்டது. பாறை இல்லை. ஈரமாக இருந்தது. மூச்சு விட்டது. முழங்காலுக்குப் பின்னால் ஈர மூக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து பதிந்தன. வந்த வழி முழுக்க... அடைபட்டிருந்தது.

முன்னாலும் மந்தை. பின்னாலும் மந்தை. நடுவில் ஒரு ஆய்வுச் செம்மலும் ஒரு போட்டோக்காரரும்.

திரும்ப முடியவில்லை. கையை உயர்த்த முடியவில்லை. நெஞ்சு விரிய இடமில்லாததால் மூச்சைப் பாதிப் பாதியாகத்தான் இழுக்க முடிந்தது. அப்போது அவர் தோளுக்கு மேலே, காதை உரசிக்கொண்டு, பின்னாலிருந்து ஒரு கை வந்தது. கிழட்டுக் கை. முழங்கையிலிருந்து நீர் சொட்டியது. நகக்கண்ணெல்லாம் மணல். சேவியரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அவரைத் தாண்டி நீண்டு போய், சுருளிவேலின் தோளில் உட்கார்ந்தது.

"பின்வாங்காதலே."

காதுக்குப் பக்கத்தில் குரல். புகையிலை நாற்றம். மூச்சில் சூடு இல்லை.

சேவியர் மெல்ல, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார். "அண்ணே... உண்மையச் சொல்லிருங்க. 'நாங்க கூப்பிடல, தப்பு எங்க மேல'ன்னு ஒரு வார்த்தை. விட்ருவாங்கண்ணே."

சுருளிவேல் தொண்டையைச் செருமினார். "இது குறித்து... இருவேறு கருத்துகள் நிலவுகின்றன."

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். அந்த இடத்திலும்.

தோளில் இருந்த கை பாராட்டுவது போல ஒரு தட்டுத் தட்டியது. முன்னால் இருந்த குரல் அதே பொறுமையோடு மறுபடி சொன்னது. "தண்ணி வருதுண்ணே." ஐம்பது வருஷமாக அதையே சொல்லிப் பழகிய பொறுமை.

சேவியரின் செருப்புக்குள் ஜில்லென்றது. குனிந்து பார்க்க இடமில்லை. கணுக்கால் நனைந்தது. மேலே அதே நீல நாடா, ஒரு மேகம் இல்லை. எங்கோ தூரத்தில்... லாரி வருகிற மாதிரி ஓர் அதிர்வு. பாறை நடுங்கியது. ஆடுகள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததாம் அவருக்கு.

"அண்ணே, சொல்லித் தொலைங்கண்ணே! ரெண்டு பொட்டப் பிள்ளைய வச்சிருக்கேன்!"

"ஆய்வுக்கு உரியது என்று வேண்டுமானால்..."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"நாங்க கூப்பிடல!" சுருளிவேல் அலறினார். முதல் முறையாக அவர் வீட்டுத் தமிழ் வெளியே வந்தது. "நாங்க கூப்பிடலய்யா! எங்க தாத்தன் மேலதான் தப்பு! நான்தான் மாத்தி எழுதிட்டேன்!"

அதிர்வு நின்றது. தண்ணீரும் வடிந்தது.

"சரிண்ணே," என்றது முன்னால் இருந்த குரல். "அப்ப பின்னாடி போங்க."

பின்னால் யாரும் நகரவில்லை.

"தாத்தா... அதான் சொல்லிட்டேன்ல... போங்க தாத்தா."

பிறகு அந்தக் கிழட்டுக் குரலிலிருந்து விறைப்பு இறங்கிவிட்டது.

"எப்பிடிலே போக? காலு வலிக்குதுலே எனக்கு... அம்பது வருசமா நிக்கேன். ஊரும் மறந்து போச்சு, யாரும் பேச மாட்டாக, மெல்லப் பின்னாடி போயிரலாம்னுதான் இருந்தேன்." கை தோளில் கனத்தது. "இப்ப நீ எழுதிப்புட்ட. பின்வாங்கல, பின்வாங்கலன்னு அச்சடிச்சுப்புட்ட. இனி எப்பிடிப் போவேன்?"

சுருளிவேலின் முதுகு குலுங்கியது. "மாத்திடுறேன். ஞாயித்துக்கெழமை மேடையிலேயே சொல்லிடுறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன் தாத்தா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கேன்," என்றது குரல். கை மெதுவாகச் சேவியரின் காதை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று. முழங்காலுக்குப் பின்னால் இருந்த மூக்குகள் ஒவ்வொன்றாக விலகின.

இருவரும் திரும்பாமல், பின்னாலேயே நடந்து, முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. ஒச்சாயி தூரத்தில் நின்றபடியே பார்த்தாள்.

திண்டுக்கல் போய்ச் சேரும் வரை சுருளிவேல் சேவியரின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தார். அன்று சாயங்காலம் டீ குடித்தார். வியாழக்கிழமை இட்லி சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை சேவியருக்குப் போன் செய்து, பாறை இடுக்குகளில் பிராணவாயு குறைவு என்றும், அதனால் ஒரே நேரத்தில் இருவருக்கு ஒரே மயக்கம் வருவது அறிவியலில் உள்ளதுதான் என்றும் விளக்கினார். இரண்டாம் பதிப்பில் இதற்குத் தனி அத்தியாயமாம்.

"சத்தியம் பண்ணீங்களேண்ணே," என்றார் சேவியர்.

"மேடையில சந்தர்ப்பம் பார்த்துச் சொல்லுவோம்யா. ஆயிரம் பிரதி அச்சாயிருச்சு. பெரிய மனுசங்க எல்லாம் வாராங்க."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம். திரை மட்டும் கட்டவில்லை; சேவியர் எடுத்ததில் வெறும் இருட்டுதான் இருந்ததாம். ஆசிரியரின் முகம் இருபது அடி உயரத்தில் வாசலில் நின்றது. பத்து மணி விழாவுக்குப் பெரிய மனுசர் பன்னிரண்டுக்கு வந்தார். வரிசையாகப் பொன்னாடை. கடைசிப் பொன்னாடைக்குக் கழுத்தில் இடமில்லை, கையில் கொடுத்துவிட்டார்கள். சேவியர் கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஏற்புரைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும். ஒரே வாக்கியம்.

சுருளிவேல் மைக்கைப் பிடித்தார். கூட்டத்தில் சேவியரைப் பார்த்தார். ஒரு கணம் உதடு துடித்தது.

"என் பாட்டனார் பெரியகருப்பன்..." என்றார். நிறுத்தினார்.

மேடையில் பெரிய மனுசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டோவுக்கு.

"...ஓர் அடியும் பின்வாங்காத மாமனிதர்!"

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அடுத்துப் பேச வேண்டியவர் எழுந்து மைக்குக்கு வந்தார். சுருளிவேல் நகரவில்லை. சிரித்துக்கொண்டே தோளைத் தொட்டார்கள். 'அண்ணே, செத்த பின்னாடி வாங்க.' நகரவில்லை. வாயும் திறக்கவில்லை. வெட்கமாகிப் போய் மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். பொன்னாடைதான் கையோடு வந்தது, ஆள் வரவில்லை. கடைசியில் மைக்கை எடுத்து ஓரமாக வைத்தார்கள். முன்னால் வழி கிடைத்ததும் நடந்தார். மேடையின் விளிம்பு வரை. அதையும் தாண்டி.

விழுந்ததில் பெரிய அடி இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா ஸ்கேனும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாத மனிதருக்குப் பேச்சு மட்டும் வரவில்லை. பின்னால் ஓர் அடிகூட வைக்க முடியவில்லை. நடக்க விட்டால் நேராகப் போவார். சுவர் வந்தால் சுவரில் மூக்கு படும்படி நிற்பார். அவர் மனைவி பேச்சாயி வந்து, கோயில் தேருக்குக் கட்டை போட்டுத் திருப்புகிற மாதிரி, அவரை முழுசாகத் திருப்பிவிட வேண்டும். ராத்திரியில் நாலு தரம் எழுந்து திருப்புகிறாள்.

அடுத்த புதன்கிழமை சேவியருக்கு மனசு கேட்கவில்லை. தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே போகிற எண்ணம் இல்லை. வாயில் நின்று மன்னிப்புக் கேட்கலாம் என்று. ஒச்சாயி அங்கே இருந்தாள். உச்சிக்குக் காத்திருந்து, முறைப்படி, தொண்டை கிழிய மூன்று தரம் கூப்பிட்டார்.

"ஆடு வருதேய்..."

முதலில் தேனீ இரைச்சல் மட்டும். பிறகு உள்ளேயிருந்து, வெகு தூரத்தில், அந்தக் களைத்த குரல். "தண்ணி வருதுண்ணே... செத்த பின்னாடி போங்க." அதற்கு இந்தப்பக்கம் கிழட்டுக் குரல் ஏதோ சொல்லிற்று. அழுகிற குரலாக இருந்தது.

"இப்ப மூணு பேரு அப்பு," என்றாள் ஒச்சாயி. "ஞாயித்துக்கெழம மத்தியானத்துலருந்து கேக்குது. நடுவுல ஒருத்தரு. நல்லா மேடைப் பேச்சு மாதிரிப் பேசுறாரு."

சேவியர் பாறையில் காதை வைத்தார்.

"...அன்பார்ந்த பெரியோர்களே... தயவுகூர்ந்து... சற்றே வழிவிட்டு..." கணீரென்ற குரல். அதே ஏற்ற இறக்கம். "...முன்னால் நிற்கும் பெருமக்களும்... பின்னால் நிற்கும் பெருமக்களும்..." அப்புறம் அந்தக் கணீர் உடைந்தது. "சேவியரு... சேவியரு, நீதானா? மூச்சு முட்டுதுயா... அவரைப் பின்னாடி போகச் சொல்லுயா..."

பாறை அதிர ஆரம்பித்தது. லாரி வருகிற மாதிரி.

சட்டைப் பையில் போன் அடித்தது. சேவியர் எடுத்தார். பேச்சாயி.

"அண்ணே... இவரு வாயத் தொறந்துட்டாருண்ணே."

"பேசுறாராம்மா?"

"இல்லண்ணே... தண்ணி வருது. தண்ணியும் ஆத்து மணலுமா... வாளிக்கணக்குல அள்ளி ஊத்துறேன்... நிக்க மாட்டேங்குதுண்ணே."